25 நாள் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து சாகின்றன: ராணிக்கெட்டா, கம்போரோவா?

கேட்டவர்: ஒட்டன்சத்திரம் தோட்டம்
(புதன் இரவு)

வணக்கம். கொஞ்சம் அவசரம், விவரம் தெரிந்தவர்கள் இன்றைக்கே பதில் சொன்னால் நல்லது.

75 நாட்டுக்கோழிக் குஞ்சு, ஒரு நாள் வயதில் பொரிப்பகத்தில் வாங்கி வந்தேன். முதல் வாரம் மூன்று போனது, அது பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் 72ம் நன்றாகத்தான் வளர்ந்தன. நேற்று 25வது நாள், காலையில் தீவனம் வைக்கப் போனால் ஓடி வரவில்லை. ஏழெட்டு மட்டும் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இறகு சிலிர்த்து, இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிச் சொக்கி நின்றன. நேற்று சாயங்காலத்துக்குள் இரண்டு செத்தது. இன்று ஐந்து. எச்சம் வெள்ளையாக, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி, பின்பக்கம் இறகெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. தீவனம் பாதிகூடக் காலியாகவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கின்றன. இன்னொன்றும் பார்த்தேன், இரண்டு மூன்று குஞ்சு தலையைத் திருப்பித் தன் ஆசனவாயைத் தானே கொத்திக்கொள்கிறது. அது எதனால் என்று தெரியவில்லை.

7வது நாள் ராணிக்கெட் (கோழிக்கழிச்சல்) நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்து கண்ணில் விட்டேன். 14வது நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து போடவில்லை. கடையில் கேட்டதற்கு நாட்டுக்கோழிக்கு அது தேவைப்படாது, பிராய்லருக்குத்தான் வரும் என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். நேற்று ஒரு ஆன்டிபயாடிக்கும் லிவர் டானிக்கும் வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

இது ராணிக்கெட்டா? வெள்ளிக்கிழமை 28வது நாள், ராணிக்கெட்டுக்கு அடுத்த தடுப்பு மருந்தான லசோட்டா போட வேண்டிய நாள். இப்போதே போட்டுவிட்டால் மிச்சக் குஞ்சு தப்பிக்குமா? இதுபோக, வீட்டுக்குப் பின்னால் தாய்க்கோழியோடு 12 குஞ்சு இருக்கிறது, அதற்கு 8 நாள்தான். முதல் தடவை போட்ட சொட்டு மருந்தில் பாதி மிச்சம், ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். அதை அந்தக் குஞ்சுகளுக்கு விடலாமா?

---

பதில்: வேடசந்தூர் அக்கா

தம்பி, படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. போன வருசம் மாசியில் எனக்கும் இப்படித்தான், ஒரே வாரத்தில் 30 குஞ்சு போச்சு. எனக்கு வந்தது கோழிச்சீக்குதான், ராணிக்கெட். ஆனால் எனக்குக் குஞ்சு மட்டும் சாகவில்லை, முட்டை வைத்துக்கொண்டிருந்த பெட்டையும் சேவலும் சேர்ந்து விழுந்தன. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது, தப்பித்த நாலைந்துக்குக் கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா?

நான் செய்தது: சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், மிளகு, கீழாநெல்லி, வேப்பிலை எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்து, தவிட்டில் பிசைந்து கொடுத்தேன். தின்ற குஞ்சு சில பிழைத்தது. தின்னாததற்கு உருண்டை பிடித்து வாயில் திணித்தேன், அதில் பாதி என் கையிலேயே போய்விட்டது. அரைத்துக் கொடுத்துப் பாருங்கள், கெடுதல் இல்லை. நல்லாயிருப்பதையும் சீக்கானதையும் முதலில் பிரித்துவிடுங்கள்.

---

பதில்: பல்லடம் பண்ணை

வெள்ளைக் கழிச்சல் என்றாலே எல்லோரும் ராணிக்கெட் என்கிறோம், அதுதான் பெரிய சிக்கல். கழிச்சல் வெள்ளையாக இருப்பதற்கு நாலைந்து காரணம் இருக்கிறது. பத்து நாளுக்குள் செத்துப் பின்பக்கம் அடைத்துக்கொண்டால் அது பெரும்பாலும் சால்மோனெல்லா, தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வருவது, அது பாக்டீரியா. மூன்று வாரத்துக்கு மேல் ஈரக் கூளத்தில் ரத்தமாகக் கழிந்தால் அது ரத்தக்கழிச்சல், காக்சிடியோசிஸ், அதற்கு ஆம்ப்ரோலியம் கொடுத்தால் நிற்கும். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரில் சூடு போதாமல் குளிரில் அடைந்தாலும் வெள்ளையாகக் கழியும், சாகும்.

அதனால் நான் கேட்பது இதுதான். பல்பு எத்தனை வாட், ராத்திரி எத்தனை மணி வரை எரிகிறது? கூளத்தை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தீர்களா, உருண்டையாக நிற்கிறதா, உதிர்கிறதா? பொதுவாக முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வருவோம். உங்கள் பக்கம் காற்று அதிகம், நாலாவது வாரம் என்று பல்பைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள். சீக்கு எதுவாக இருந்தாலும் சூடு கொடுப்பது தப்பாகாது.

லசோட்டா இப்போது போடாதீர்கள் என்பது என் கருத்து. ஆனால் டாக்டர் யாராவது சொல்லட்டும்.

---

பதில்: கால்நடை மருத்துவர் (ஓய்வு)

தம்பி, நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் முக்கியம். வயது 25 நாள். திடீரென்று தொடங்கி மறுநாளே சாவு கூடியது. குஞ்சு தன் ஆசனவாயைத் தானே கொத்துவது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கம்போரோ மேல்தான் சந்தேகம் அதிகம். அந்த வைரஸ் போய் உட்காருவது ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சின்னப் பையில். குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை அந்தப் பை நன்றாக வளர்ந்து வேலை செய்யும், அதனால்தான் அந்த வயதுக் குஞ்சை இந்த நோய் கண்ணுக்குத் தெரியும்படி தாக்குகிறது. பை வீங்கி வலிக்கும்போது குஞ்சு அந்த இடத்தைக் கொத்தும். பெரிய கோழிகளில் அந்தப் பை சுருங்கிவிட்டிருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் தாய்க்கோழியும் சேவலும் நன்றாக மேய்கின்றனவா என்று முதலில் சொல்லுங்கள். தடுப்பூசி போடாத பெரிய கோழி அதே வாசலில் நன்றாகத் திரிந்தால் ராணிக்கெட் சந்தேகம் குறையும். மாறாகப் பெரிய கோழிகளும் திடீர் திடீரென்று கொத்தாக விழுந்தால் கையால் தொடாமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், அது பறவைக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம்.

நாட்டுக்கோழிக்குக் கம்போரோ வராது என்பது தவறு. அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்துக் கம்போரோ என்ற ஊர்ப்பக்கம் 1962ல் விவரித்த நோய் இது, ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. நம் ராணிக்கெட்டும் அப்படித்தான், உத்தரகாண்டில் இருக்கும் மலையூர், 1927ல் அங்கே கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். சரி, அதை விடுங்கள்.

ஆனால் நான் இங்கே உட்கார்ந்து சொல்வது சந்தேகம்தான், முடிவு இல்லை. முடிவு வேண்டுமென்றால் செத்த குஞ்சை அறுத்துப் பார்க்க வேண்டும். நாளைக் காலையில் செத்ததில் புதிதாகச் செத்தது இரண்டு, சாகும் நிலையில் இருக்கும் ஒன்று உயிரோடு, இந்த மூன்றையும் பக்கத்து அரசுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செத்ததை இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும், ஃபிரீசரில் போட்டு உறைய வைக்காதீர்கள், உறைந்தால் உறுப்பு கெட்டுவிடும். ராத்திரி செத்து மதியம் வரை கிடந்தது பயன்படாது. வீட்டில் நீங்களே அறுக்க வேண்டாம், ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும் மிச்சக் குஞ்சுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. அங்கே வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பார்ப்பார்கள்.

அதுவரை செய்ய வேண்டியது. லசோட்டா போடாதீர்கள். சீக்கான குஞ்சுக்கு உயிருள்ள தடுப்பு மருந்து கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி வராது, பாரம்தான் கூடும். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது, டாக்டர் பார்த்துத் தேவையென்று சொன்னால் தொடருங்கள், நீங்களாக மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள். முக்கியமாகச் சல்பா மருந்தும் ஜென்டாமைசினும் வேண்டாம், இந்த நோயில் ஏற்கெனவே சிறுநீரகம் வீங்கியிருக்கும். நீங்கள் பார்க்கும் அந்தச் சுண்ணாம்பு வெள்ளை பெரும்பகுதி யூரேட் உப்புதான், கழிச்சலில் நீர் போகப்போக அது சிறுநீரகத்தில் தேங்கும். அதனால் தண்ணீர்தான் இப்போது மருந்து. எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீர், இல்லாவிட்டால் சின்னத் துண்டு வெல்லம் கரைத்த தண்ணீர், இரவும் பகலும் இருக்கட்டும், டப்பாவைக் கூடுதலாக வையுங்கள், சொக்கி நிற்கும் குஞ்சு தண்ணீர் தேடி நடக்காது. மூன்று நாலு நாளைக்குத் தீவனத்தில் பாதியை உடைத்த மக்காச்சோளமாக மாற்றுங்கள், புரதம் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் பாரம் குறையும். பல்பு எரியட்டும்.

அக்கா சொன்ன அரைப்பு, தானாகத் தின்னும் குஞ்சுக்குக் கொடுக்கலாம். தின்னாததன் வாயில் திணிக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அக்காவின் கையில் போனது நோயால் மட்டும் போயிருக்காது என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா.

ஃபிரிட்ஜில் இருக்கும் பாதி மருந்தைக் கொட்டி, கொதிநீரில் போட்டு அழித்துவிடுங்கள். கலந்த மருந்துக்கு ஆயுள் இரண்டு மணி நேரம்தான். இன்றைக்கு அதில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது. 12 குஞ்சுக்கும் புதுக் குப்பி வாங்கித்தான் போட வேண்டும். அந்தக் குஞ்சுகளைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்து முடித்துவிட்டு, அப்புறம்தான் சீக்குக் கொட்டகைக்குள் போக வேண்டும். ஒருநாளும் இந்த வரிசையை மாற்றிப் போகாதீர்கள். செருப்பு, வாளி, தண்ணி டப்பா எல்லாம் தனித்தனி.

---

கேட்டவர்: ஒட்டன்சத்திரம் தோட்டம்
(வியாழன் மதியம்)

ஐயா, ரொம்ப நன்றி. இன்று காலை எட்டு செத்துக் கிடந்தது. பார்க்கவே முடியவில்லை. பெரிய கோழிகள் எல்லாம் நன்றாக மேய்கின்றன, ஒன்றுக்கும் மூச்சிறைப்போ கழுத்துத் திருகலோ இல்லை. கூளம் தேங்காய் நார்த்தூள், அமுக்கினால் உதிர்கிறது, தண்ணி டப்பாவைச் சுற்றி மட்டும் ஈரம். பல்பை 21வது நாளே கழற்றியிருந்தேன், நேற்று ராத்திரியே 60 வாட் இரண்டு மாட்டிவிட்டேன்.

சொன்னபடி தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு செத்த குஞ்சும், துணிப் பையில் ஒரு உயிர்க் குஞ்சும் கொண்டுபோனேன். டாக்டர் பின்பக்க மேசையில் வைத்து மூன்றையும் அறுத்தார், என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். தொடைத் தோலை உரித்ததும் சதையில் கீறல் கீறலாக ரத்தக்கசிவு, சிவப்புப் பேனாவால் கோடு போட்ட மாதிரி. அப்புறம் குடலை ஒதுக்கிவிட்டு ஆசனவாய்க்கு மேலே ஒரு உருண்டையைக் காட்டினார். மஞ்சளாக, மேலே கூழ் படிந்து, நன்றாக ஊறிய கொண்டைக்கடலையைவிடப் பெரிதாக இருந்தது. நறுக்கினால் உள்ளே ரத்தம். இந்த வயதுக்கு இதில் பாதிதான் இருக்க வேண்டும் என்றார். சிறுநீரகம் வெளுத்து வீங்கி வெள்ளை நரம்பு ஓடியது. இரைப்பையைப் பிளந்து கழுவிக் காட்டினார், ராணிக்கெட் என்றால் இங்கே ரத்தப் புள்ளிகள் எதிர்பார்ப்போம், இதில் இல்லை என்றார். குடலில் காக்சிடியா புண்ணும் இல்லை. ஆக, கம்போரோதான் என்று சொல்லிவிட்டார். ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொன்னார், நீங்கள் சொன்ன அதே தண்ணீர் வைத்தியம்தான் அவரும் சொன்னார்.

செத்ததை இதுவரை தோட்டத்து ஓரம் வேலிக்கு வெளியே போட்டேன், நாய் இழுத்துப் போயிருக்கிறது. அது தப்பு என்று இப்போது தெரிகிறது. இன்று மூன்றடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.

மிச்சம் 56 இருக்கிறது. இதில் எத்தனை தப்பும்?

---

பதில்: கால்நடை மருத்துவர் (ஓய்வு)

நல்ல வேலை செய்தீர்கள். இந்த நோய் ஏறுவதும் சீக்கிரம், இறங்குவதும் சீக்கிரம். மூன்றாம் நாள், நாலாம் நாள் உச்சம், ஐந்தாறு நாளில் அடங்கிவிடும். இன்று மூன்றாம் நாள். நாளையும் சில போகலாம், மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாளை மறுநாள் தீவனத் தட்டைப் பாருங்கள், அது காலியாக ஆரம்பித்தால் கரை ஏறிவிட்டீர்கள்.

அதற்கப்புறம்தான் நான் பயப்படுவது. தப்பிய குஞ்சின் பர்சா அடிபட்டிருக்கும். 7வது நாள் ராணிக்கெட் சொட்டு கொடுத்ததில் வந்த எதிர்ப்பும் இனி நிற்குமென்று சொல்ல முடியாது. இன்னும் ஒரு மாதம் இந்தக் குஞ்சுகளை எந்தச் சீக்கும் எளிதாகப் பிடிக்கும். வாசலில் விடாதீர்கள். சந்தைக் கோழி ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது. கடைசிச் சாவுக்கு அப்புறம் பத்து நாளாவது போகட்டும், எல்லாம் ஓடியாடித் தீவனம் எடுக்கட்டும், அப்போது லசோட்டா. எட்டாவது வாரத்துக்கு மேல் இறக்கையில் ஆர்2பி என்ற ராணிக்கெட் தடுப்பூசி, அதை மட்டும் விடவே கூடாது. பிப்ரவரியில் அரசே கோழிக்கழிச்சலுக்கு இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுவார்கள், பெரிய கோழிகளையும் அதில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

---

பதில்: பல்லடம் பண்ணை

கொட்டகை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும், இதில் நான் அடிபட்டவன். கம்போரோ வைரஸ் பொல்லாதது, காலியான கொட்டகையில் நூறு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். கூளத்தில் ஓடும் கறுப்பு வண்டுகூடச் சுமக்கும். வெயில் அடித்தால் செத்துவிடும், பினாயில் தெளித்தால் போதும் என்று நினைத்து நான் 20 நாளில் அடுத்த செட் குஞ்சுகளை இறக்கினேன், அதே 24வது நாள் திரும்ப அதே சீக்கு.

இந்தக் குஞ்சுகளை விற்றதும் கூளம் முழுக்க அள்ளித் தூரத்தில் குழியில் போட்டு மூடுங்கள், கோழி இருக்கும் தோட்டத்துக்கு எருவாகக் கொண்டுபோகாதீர்கள். தரையைச் சலவைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, எச்சம் ஒட்டியிருக்கும் ஒரு பொட்டுகூட இல்லாமல் பார்த்து, காய்ந்த பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கு மேல் எதை ஊற்றினாலும் வேலை செய்யாது. அப்புறம் சுண்ணாம்பு அடித்துக் கொட்டகையை நன்றாக ஆறப்போடுங்கள்.

மருந்து வாங்கும்போது ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள். கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்ததைப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் மடியில் வைத்து வந்தால் அந்த மருந்து வீடு வரும்போது செத்திருக்கும். நானே முதல் வருசம் அப்படித்தான் கொண்டுவந்தேன். தண்ணீரில் கலந்து கொடுப்பதென்றால் குளோரின் தண்ணீர் கூடாது, கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, அதில் மருந்தைக் கரையுங்கள். உங்களுக்கு 12 குஞ்சுதான், கண்ணில் சொட்டு விடுவதே நல்லது.

---

பதில்: வேடசந்தூர் அக்கா

டாக்டர் ஐயா சொன்னது உண்மைதான், இப்போது நினைத்தால் அந்த உருண்டை கொடுத்ததும் நாலைந்து குஞ்சு கழுத்தை நீட்டி விக்கியது. எனக்கு யாரும் சொல்லவில்லை. தம்பி, அந்த 12 குஞ்சுக்கு மருந்து வாங்கப் போகும்போது எனக்கும் சொல்லுங்கள், என்னிடம் 9 நாள் குஞ்சு 20 இருக்கிறது. ஒரு குப்பியே 100 டோஸ், நம் ஊர் பக்கம்தானே, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கி அன்றைக்கே போட்டுவிடலாம்.

---

கேட்டவர்: ஒட்டன்சத்திரம் தோட்டம்
(திங்கள் காலை)

வெள்ளிக்கிழமை நாலு, சனிக்கிழமை ஒன்று. நேற்று சாவு இல்லை, இன்றும் இல்லை. 51 இருக்கிறது. இன்று காலை தட்டு காலி, நான் கதவைத் திறந்ததும் காலைச் சுற்றி வந்துவிட்டன, ஆறு நாளாயிற்று அப்படி வந்து. மூன்று மட்டும் இன்னும் மெலிந்து தனியாக நிற்கிறது, அவற்றை வேறு பெட்டியில் பல்புக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்கா, புதன்கிழமை சந்தைக்கு வருகிறேன், ராணிக்கெட் சொட்டு ஒரு குப்பி வாங்கிவிடுகிறேன். ஃபிளாஸ்க்கும் ஐஸும் நான் கொண்டுவருகிறேன். ஆனால் சீக்கு வந்த வீட்டிலிருந்து வருகிறேன், அதனால் உங்கள் கொட்டகைக்குள் நான் வரமாட்டேன். கடைக்கு முன்னாலேயே உங்கள் பங்குக்குக் கலக்காத மருந்து கொடுக்க முடியாதே, குப்பி ஒன்றுதானே, எப்படிப் பிரிப்பது ஐயா?

---

பதில்: கால்நடை மருத்துவர் (ஓய்வு)

பிரிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு குப்பி வாங்குங்கள். மிஞ்சுவது வீண்தான், ஆனால் கலந்த குப்பி உங்கள் வீட்டுக்கும் அந்தம்மா வீட்டுக்கும் நடக்கவே கூடாது. 14வது நாள் கம்போரோவுக்கும் அதே மாதிரி.